அலுமினியத்துக்குள் உடைந்த டேப்பும் வீட்டுப் பட்டறையில் கைக்கு வந்த பாடங்களும்

நேற்று மாலை வரை ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்த வேலை ஒரே ஒரு 'டிக்' சத்தத்தில் நின்றுவிட்டது. என் பெஞ்ச் டிரில்லின் மோட்டாரைத் தாங்குகிற வார்ப்பு அலுமினியத் தகட்டில் நாலு ஓட்டைக்கு எம்5 (5 மில்லிமீட்டர் போல்ட்டுக்கான) மரை போட்டுக்கொண்டிருந்தேன். மூன்று ஓட்டை சரியாக வந்துவிட்டது. நாலாவதில் பாதி ஆழம் போனதும் டேப், அதாவது ஓட்டைக்குள் மரை வெட்டுகிற கருவி, இறுகியது. இன்னும் அரைச் சுற்றுதானே என்று கைப்பிடியைத் திருப்பினேன். உடைந்துவிட்டது.

துண்டு தகட்டின் மட்டத்துக்குக் கீழே 3 மில்லிமீட்டர் ஆழத்தில் உட்கார்ந்திருக்கிறது. குறடு எட்டாது. டிரில் போட்டு எடுக்கலாம் என்றால், டேப்பும் பிட் அளவுக்குக் கடினமானது. பிட் அதன் மேல் நிற்காமல் வழுக்கிப் பக்கத்து அலுமினியத்தைத்தான் தின்னும். தகட்டைக் கெடுத்துவிடுவேனோ என்று பயந்து அப்படியே விட்டு வைத்திருக்கிறேன்.

தப்பு எங்கே என்று இரவெல்லாம் யோசித்தேன். மரை போட முதலில் எந்த அளவு ஓட்டை வேண்டும் என்பதற்கு ஒரு சுலபக் கணக்கு உண்டு. போல்ட்டின் விட்டத்திலிருந்து பிட்ச்சை, அதாவது அடுத்தடுத்த இரண்டு மரைக்கு நடுவில் உள்ள தூரத்தை, கழிக்க வேண்டும். எம்5-க்குப் பிட்ச் 0.8, ஆகவே 4.2. என்னிடம் இருந்த 4.2 பிட் மழுங்கியிருந்தது. 4 போட்டுவிட்டேன். 0.2தானே என்று தோன்றியது. அந்த 0.2-ஐயும் டேப்பின் பல்தான் சீவி எடுக்க வேண்டும் என்பது அப்போது மனதில் வரவில்லை. முதல் மூன்று ஓட்டையும் மறுபக்கம் திறந்தவை, சீவல் கீழே விழுந்துவிட்டது. நாலாவது அடி மூடிய ஓட்டை. சீவல் போக வழியில்லாமல் அடைத்துக்கொண்டது. அரைச் சுற்று முன்னால் போனால் கால் சுற்று பின்னால் வந்து சீவலை முறிக்க வேண்டும் என்பது தெரிந்த விஷயம்தான். மூன்று ஓட்டை நன்றாக வந்த தைரியத்தில் அதை விட்டுவிட்டேன்.

இதை எடுக்க வழி தெரிந்தவர்கள் சொல்லுங்கள். கூடவே, வீட்டில் இரும்பையும் அலுமினியத்தையும் வைத்து வேலை செய்கிறவர்கள் உங்கள் கைக்கு வந்த பாடங்களையும் எழுதுங்கள். புத்தகத்தில் இருப்பது வேண்டாம், உங்கள் கையில் நடந்தது வேண்டும்.

* * *

கவலைப்படாதீர்கள், உங்கள் தகடு பிழைத்துவிடும். படிகாரம் வாங்குங்கள்.

எனக்கு இதே விபத்து ஒரு பம்பின் அலுமினிய மூடியில் நடந்தது. உடைந்தது எம்4 டேப். ஆணியால் தட்டிப் பார்த்தேன், ஊசிமுனைக் குறட்டால் சுழற்றிப் பார்த்தேன், ஓட்டையின் வாய்தான் சிதைந்தது. ஒரு பழைய கடிகாரக் கைவினைஞர்தான் வழி சொன்னார். பித்தளைத் தட்டில் எஃகுத் திருகு உடைந்துபோனால் அவர்கள் படிகாரக் கரைசலில் போட்டுவிடுவார்களாம். படிகாரம் எஃகைக் கரைக்கும், பித்தளையையும் அலுமினியத்தையும் பெரும்பாலும் தொடாது.

செய்முறையில் சூடு முக்கியம். குளிர்ந்த தண்ணீரில் படிகாரம் கொஞ்சம்தான் கரையும், சூடான தண்ணீரில் பல மடங்கு கரையும். தூளாக்கிய படிகாரத்தை வெந்நீரில் போட்டுக் கலக்கிக்கொண்டே இருங்கள். இனிமேல் கரையாது, அடியில் தங்குகிறது என்ற நிலை வரவேண்டும். கண்ணாடி அல்லது பீங்கான் பாத்திரம் நல்லது. இரும்புப் பாத்திரம் கூடவே கூடாது, பாத்திரமே கரையும். தகட்டை, டேப் இருக்கும் ஓட்டை மேலே பார்க்கும்படி முழுவதும் மூழ்க வையுங்கள். இல்லாவிட்டால் காற்றுக்குமிழி ஓட்டைக்குள் அடைத்துக்கொண்டு கரைசலை உள்ளே விடாது.

பத்துப் பதினைந்து நிமிடத்தில் ஓட்டையிலிருந்து ஊசிமுனை அளவுக்குக் குமிழிகள் ஒன்றன்பின் ஒன்றாக நூல் பிடித்த மாதிரி மேலே வரும். அதைப் பார்த்ததும் எனக்கு வந்த நிம்மதியைச் சொல்லி முடியாது. அந்தக் குமிழி ஹைட்ரஜன். ஆகவே பாத்திரத்தை இறுக மூடாதீர்கள், பக்கத்தில் தீ வைக்காதீர்கள். நான் மின்சாரச் சூடேற்றியின் மேல் வெந்நீர்ப் பாத்திரம் வைத்து, அதற்குள் கரைசல் ஜாடியை இறக்கிவிட்டேன். ஜன்னலைத் திறந்து வைத்தேன். ஆறவிட்டால் ஜாடியின் ஓரத்தில் படிகாரம் பளிங்கு கட்டும், வேலையும் மந்தமாகிவிடும்.

எத்தனை நேரம் என்று ஒரே பதில் கிடையாது. சாதாரண கார்பன் எஃகு டேப் என்றால் சீக்கிரம். ஹைஸ்பீடு எஃகு (சூட்டிலும் கடினம் குறையாத கலவை எஃகு) என்றால் பொறுமை வேண்டும். என்னுடையது ஒன்றரை நாள் எடுத்தது. நடுவில் இரண்டு முறை கரைசலை மாற்றினேன். கடைசியில் ஓட்டைக்குள் கறுப்புச் சேறு மாதிரி ஒன்று மிஞ்சியது, குண்டூசியால் கிளறித் தண்ணீரில் அலசினேன். அலுமினியத்தில் ஏற்கனவே போட்ட மரை அப்படியே இருந்தது!

ஒன்றே ஒன்று மறக்காதீர்கள். தகட்டில் பேரிங், எஃகு புஷ், எஃகு ஊசி எது இருந்தாலும் முதலில் கழற்றுங்கள். அதுவும் சேர்ந்து கரைந்துவிடும். டேப் உடைந்தது இரும்புத் துண்டுக்குள் என்றால் இந்த வழி உதவாது.

* * *

படிகார விஷயம் எனக்குப் புதிது, நன்றி. நான் எஸ்எஸ் (ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்) பற்றிச் சொல்கிறேன், ஏனென்றால் அதில் நான் பட்டது அதிகம்.

3 மில்லிமீட்டர் ஸ்டெயின்லெஸ் தகட்டில் ஆறு ஓட்டை போட வேண்டியிருந்தது. இரும்பில் போடுவது போலவே டிரில்லை முழு வேகத்தில் விட்டு மெதுவாக அழுத்தினேன். முதலில் கொஞ்சம் சீவல் வந்தது, பிறகு கீச்சென்று சத்தம், அப்புறம் புகை. பிட்டை எடுத்துப் பார்த்தால் முனை நீலமாகி உருண்டிருந்தது. புது பிட் போட்டேன், அதே கதை. மூன்று பிட் போன பிறகுதான் நிறுத்தினேன்.

நடந்தது இதுதான். இந்த வகை எஃகு, வெட்டுப்படாமல் உரசப்பட்டால் அந்த இடத்திலேயே கெட்டிப்பட்டுவிடும். வேகம் அதிகம், அழுத்தம் குறைவு என்றால் பிட் வெட்டாமல் தேய்க்கிறது. தேய்க்கத் தேய்க்க அடிப்பரப்பு இன்னும் கடினமாகிறது. நாம் மென்மையாகச் செய்கிறோம் என்று நினைத்து, அடுத்த பிட்டுக்கும் குழி தோண்டுகிறோம்.

இப்போது நான் வைத்திருக்கும் கணக்கு: சாதாரண இரும்புக்கு 8000-ஐ பிட்டின் விட்டத்தால் வகுத்தால் நிமிடத்துக்கு எத்தனை சுற்று என்று கிடைக்கும். 10 மில்லிமீட்டருக்கு 800, 5 மில்லிமீட்டருக்கு 1600. ஹைஸ்பீடு பிட்டுக்கு இது பத்திரமான வேகம். எஸ்எஸ் என்றால் அதில் பாதிக்கும் கீழே. கைடிரில்லில் சுற்றை அளக்க முடியாது, ஆனால் பிட்டின் பள்ளங்கள் கண்ணுக்குத் தனித்தனியாகத் தெரிகிற அளவுக்கு மெதுவாக ஓட்டினால் போதும். எண்ணெய் விட்டு, உடம்பின் எடையைக் கொடுத்து, நிறுத்தாமல் அழுத்த வேண்டும். சீவல் சுருள் சுருளாக இரண்டு பக்கமும் வந்துகொண்டே இருக்க வேண்டும். சீவல் நின்றால் உடனே பிட்டைத் தூக்குங்கள். சுற்றிக்கொண்டே யோசிக்காதீர்கள்.

பெரிய ஓட்டைக்கு முதலில் சின்ன ஓட்டை போடுவதும் இதற்காகத்தான். பிட்டின் நட்டநடு முனை வெட்டுவதில்லை, உலோகத்தை நசுக்கி ஒதுக்குகிறது. அந்த நடுப்பகுதி அகலத்துக்கு ஓட்டை முன்னமே இருந்தால் அழுத்தம் பாதியாகக் குறைகிறது. ஏற்கனவே கெட்டிப்பட்டுப் பளபளத்துப்போன குழியில் மறுபடி முயல வேண்டாம். தகட்டைத் திருப்பி மறுபக்கத்திலிருந்து போடுங்கள், அங்கே புது உலோகம் இருக்கிறது. என் ஆறு ஓட்டையில் இரண்டு அப்படித்தான் முடிந்தது.

* * *

மெல்லிய தகட்டைக் கையால் பிடித்துக்கொண்டு ஓட்டை போடாதீர்கள். இதைச் சொல்லத்தான் எழுதுகிறேன்.

1 மில்லிமீட்டர் தகடு. பிட் மேலிருந்து ஒழுங்காக இறங்குகிறது. அடிப்பக்கம் துளைத்து வெளியே வரும் அந்தக் கணத்தில், பிட்டின் பள்ளம் தகட்டைத் திருகில் ஏற்றுகிற மாதிரி இழுத்துக்கொள்ளும். தகடு காற்றாடி போலச் சுழலும். எனக்கு இடது கைக் கட்டைவிரலில் ஐந்து தையல். அன்று கையுறை போட்டிருந்தால் இன்னும் மோசமாகியிருக்கும், துணி பிட்டில் சுற்றிக் கையையே இழுத்திருக்கும். சுழலும் இயந்திரத்துக்கு முன்னால் கையுறை வேண்டாம், கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி கட்டாயம் வேண்டும்.

இப்போது தகட்டை இரண்டு மரப்பலகைக்கு நடுவில் வைத்து கிளாம்ப் போட்டு, மூன்றையும் சேர்த்தே துளைக்கிறேன். ஓட்டை முக்கோணமாகப் போவதும் நின்றது, பிசிரும் பாதியாகிவிட்டது. பலகை வைக்க முடியாத இடத்தில், பருத்தித் துணியை நாலாக மடித்துப் பிட்டின் முனைக்கும் தகட்டுக்கும் நடுவில் வைத்து கிளாம்ப் போட்ட தகட்டில் மெதுவாக இறக்குங்கள். துணி வெட்டும் முனையை நிதானப்படுத்துகிறது, ஓட்டை வட்டமாக வருகிறது. துணியை விரலால் பிடிக்கக் கூடாது, வைத்துவிட்டுக் கையை எடுத்துவிட வேண்டும்.

* * *

அரத்தைப் பற்றி யாரும் பேசவில்லையே? என் வேலையில் பாதி அரத்தில்தான் முடிகிறது.

அலுமினியத்தை அராவும்போது சீவல் பற்களுக்கு நடுவில் ஒட்டிக்கொள்ளும். ஒரு சின்ன மணி மாதிரி அழுந்தி உட்கார்ந்துவிடும். அது தெரியாமல் அடுத்த இழுப்பை இழுத்தால், அரை மணி நேரம் பார்த்துப் பார்த்து வழவழப்பாக்கின பரப்பில் ஆழமாக ஒரு கீறல் விழும். அந்தக் கீறலை எடுக்க இன்னொரு அரை மணி நேரம். வழி ரொம்ப எளிது. கரும்பலகைச் சுண்ணாம்புக் கட்டியை அரத்தின் மேல் நன்றாகத் தேய்த்து, பற்கள் வெள்ளையாகும் வரை நிரப்புங்கள். சீவல் ஒட்டாமல் தட்டினால் உதிரும். ஒட்டிவிட்டதை எடுக்கப் பித்தளைத் துண்டு ஒன்றைப் பற்களின் வரிசை போகிற திசையிலேயே அழுத்தித் தள்ளுங்கள். சில தள்ளலில் பித்தளையின் விளிம்பிலேயே அரத்தின் பற்கள் பதிந்து சீப்பு மாதிரி ஆகிவிடும். அப்புறம் அது ஒவ்வொரு பள்ளத்துக்குள்ளும் இறங்கித் துப்புரவு செய்யும். என் மேசையில் பதினைந்து வருடமாக ஒரே துண்டு இருக்கிறது.

முன்னால் தள்ளும்போதுதான் அழுத்தம், பின்னால் வரும்போது தூக்கிவிடுங்கள். கைப்பிடி இல்லாத அரத்தை ஒரு நிமிடம்கூடப் பயன்படுத்தாதீர்கள், வால்முனை உள்ளங்கையில் ஏறும். வைஸின் (வேலைப்பொருளைக் கவ்விப் பிடிக்கும் கருவி) வாயில் அலுமினிய ஆங்கிள் துண்டுகள் இரண்டை மாட்டி வைத்தால் வேலைப்பொருளில் பல் தடம் விழாது.

ஹாக்ஸாவுக்கும் (இரும்பறுக்கும் ரம்பம்) ஒரு வார்த்தை. பாதி வெட்டில் பிளேடு உடைந்தால் புது பிளேடைப் பழைய வெட்டுக்குள் விடாதீர்கள். பழைய பிளேடு தேய்ந்து குறுகிய பாதை போட்டிருக்கும், புதியது அகலம். உள்ளே சிக்கி உடனே உடையும். பொருளைத் திருப்பி எதிர்ப்பக்கத்திலிருந்து வெட்டி இரண்டையும் சந்திக்க வையுங்கள். எந்த நேரமும் குறைந்தது மூன்று பல்லாவது உலோகத்தின் மேல் இருக்க வேண்டும். மெல்லிய குழாய்க்கு அங்குலத்துக்கு 32 பல், கெட்டியான கம்பிக்கு 18.

* * *

குறி போடுவதற்கு: மயில்துத்தம் (காப்பர் சல்பேட்). தண்ணீரில் கொஞ்சம் கரைத்து, எமரித் தாளால் தேய்த்து எண்ணெய்ப் பசை நீக்கின இரும்பின் மேல் பஞ்சால் தடவுங்கள். கண் முன்னாலேயே செம்பு நிறம் ஏறும், உண்மையிலேயே செம்புதான் படிகிறது. அதன் மேல் கூரான முள்ளால் கீறினால் கோடு வெள்ளி மாதிரி மின்னும். மார்க்கர் பேனா மை எண்ணெயில் அழிந்துவிடும், இது அழியாது. வைஸின் தாடையிலும் அளவுகோலிலும் சிந்திவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள், விஷம் என்பதால் குழந்தைகள் கைக்கு எட்டாமல் வையுங்கள்.

* * *

துருப்பிடித்து இறுகிய நட்டுக்கு எல்லாரும் எண்ணெய் ஊற்றிக் காத்திருப்பார்கள். நான் மெழுகுவத்தி வைத்திருக்கிறேன். நட்டைச் சூடாக்குங்கள், சிவக்க வேண்டாம், மெழுகு தொட்டால் உருகி ஓடுகிற சூடு போதும். மெழுகு மரைக்குள் தானாக இழுபட்டுப் போகும். கொஞ்சம் ஆறியதும் முதலில் இறுக்குகிற பக்கமே ஒரு நூலளவு திருப்புங்கள். துருவின் பிடி விடுகிற 'கிரக்' சத்தம் வரும். அப்புறம் கழற்றுங்கள். பன்னிரண்டு மூலை சாக்கெட் வேண்டாம், ஆறு மூலை சாக்கெட்தான் நட்டின் மூலைகளைக் காப்பாற்றும்.

* * *

மேலே சூடாக்கச் சொன்னவரின் முறை நல்ல முறை, நானும் செய்திருக்கிறேன். ஆனால் ஒரு எச்சரிக்கையைச் சேர்த்தே ஆக வேண்டும். துத்தநாகப் பூச்சு உள்ள நட்டு, குழாய் எதையும் அறைக்குள் வைத்துப் பழுக்கக் காய்ச்சாதீர்கள், வெல்டிங்கும் செய்யாதீர்கள். வெள்ளைப் புகை வரும். அதை மூச்சில் இழுத்த அன்று இரவு எனக்குக் குளிரும் காய்ச்சலும் உடம்புவலியும் வந்தது. மறுநாள் தணிந்துவிட்டது, ஆனால் அந்த ராத்திரியை மறக்க மாட்டேன். பூச்சைக் காடியில் (வினிகரில்) ஊறவைத்து நீக்கிவிட்டு, நன்றாகக் கழுவி, வெளியில் வைத்துச் செய்யுங்கள்.

இன்னொன்று, குளோரின் கலந்த பிரேக் கிளீனரால் துடைத்த இரும்பை வெல்டிங் செய்யக் கூடாது. பாஸ்ஜீன் என்ற நச்சுவாயு உண்டாகும். துடைக்க அசிட்டோன் போதும், அதுவும் முழுக்க உலர்ந்த பிறகு.

* * *

சின்ன லேத் (கடைசல் இயந்திரம்) வைத்திருப்பவர்களுக்கு ஒன்று. டூலின் (வெட்டும் கருவியின்) முனை சரியாக மைய உயரத்தில் இருக்கிறதா என்று பார்க்க, லேத்தை நிறுத்திவிட்டு, உருண்டைக் கம்பிக்கும் டூல் முனைக்கும் நடுவில் மெல்லிய ஸ்டீல் ஸ்கேலை லேசாகக் கவ்வ விடுங்கள். ஸ்கேல் செங்குத்தாக நின்றால் உயரம் சரி. மேல்முனை நம் பக்கம் சாய்ந்தால் டூல் தாழ்ந்திருக்கிறது, எதிர்ப்பக்கம் சாய்ந்தால் உயர்ந்திருக்கிறது.

* * *

அலுமினியத் தகட்டை மடிக்கும்போது மடிப்பில் விரிசல் விடுகிறதா? எனக்கு 2 மில்லிமீட்டர் தகட்டில் வரிசையாக நாலு துண்டு வீணானது. மடிக்கும் இடத்தைச் சூடாக்கி இளக்கினால் விரிசல் விடாது என்று தெரியும். ஆனால் அலுமினியம் இரும்பு மாதிரி சிவந்து எச்சரிக்காது. 660 டிகிரியில் திடீரென்று உருகிச் சரிந்துவிடும். என் முதல் முயற்சியில் தகட்டின் ஓரம் அப்படித்தான் தொங்கிப்போனது.

அதற்குச் சோப்புதான் மருந்து. மடிக்கும் கோட்டின் மேல் சாதாரணக் குளியல் சோப்பைத் தேய்த்துவிட்டு, அடிப்பக்கத்திலிருந்து தீயை ஒரே இடத்தில் நிறுத்தாமல் ஆட்டிக்கொண்டே காட்டுங்கள். சோப்பு முதலில் நுரைக்கும், பிறகு பழுப்பாகி, கறுக்கும். கறுத்த உடனே தீயை எடுத்துவிடுங்கள். ஆறியதும் மடித்தால் தகடு களிமண் மாதிரி கையோடு வரும். அன்றே மடித்துவிடுங்கள், சில கலவைகள் நாள்பட மறுபடி கெட்டிப்படும். உள்மடிப்பைக் கூராக வைக்காமல் கொஞ்சம் வளைவு கொடுங்கள்.

* * *

டேப் உடைத்தவன்தான் மறுபடி எழுதுகிறேன். எல்லாருக்கும் நன்றி.

படிகாரம் வேலை செய்தது. எனக்கு இரண்டு நாள் முழுசாக ஆனது. முதல் நாள் இரவு கரைசல் ஆறிவிட்டது, காலையில் பார்த்தால் ஓட்டையின் வாயில் பளிங்கு மூடியிருந்தது, குமிழியே இல்லை. பயந்துவிட்டேன். மறுபடி சூடாக்கினதும் உயிர் வந்த மாதிரி குமிழி கிளம்பியது. ஒரு சின்னத் திருத்தம் மட்டும் சொல்கிறேன். தகட்டின் பளபளப்பு கொஞ்சம் மங்கியிருக்கிறது, மேல்பரப்பு முக்கியமான பொருள் என்றால் ஓட்டையைச் சுற்றி மெழுகால் கரை கட்டி, உள்ளே மட்டும் கரைசலைச் சொட்டுச் சொட்டாக விடலாம் என்று நினைக்கிறேன். இரண்டாம் நாள் மாலை ஒல்லியாகிப்போன டேப் துண்டு ஊசிமுனைக் குறட்டுக்கு எட்டுகிற மாதிரி தளர்ந்துவிட்டது. ஒரு தட்டு, கவிழ்த்தேன், மேசையில் விழுந்தது.

புது 4.2 பிட் போட்டு நாலு ஓட்டையையும் திரும்பத் துளைத்தேன். சுழலாத டிரில் சக்கில் டேப்பை மாட்டி, சக்கைக் கையால் திருப்பி முதல் மூன்று மரையை நேராக ஆரம்பித்தேன், அதன் பிறகுதான் கைப்பிடி. மண்ணெண்ணெய் விட்டுக்கொண்டு, அரைச் சுற்று முன்னால், கால் சுற்று பின்னால். அடி மூடிய ஓட்டையில் ஒவ்வொரு நாலு சுற்றுக்கும் டேப்பை முழுக்க வெளியே எடுத்துச் சீவலைத் தட்டிவிட்டேன். கடைசிச் சில மரைக்கு முனை கூம்பாத மூன்றாம் நம்பர் டேப்.

பிட் பெட்டியின் மூடிக்குள் மார்க்கரால் எழுதி ஒட்டிவிட்டேன்: எம்3-க்கு 2.5, எம்4-க்கு 3.3, எம்5-க்கு 4.2, எம்6-க்கு 5, எம்8-க்கு 6.8, எம்10-க்கு 8.5. மோட்டார் இப்போது தகட்டின் மேல் உட்கார்ந்திருக்கிறது. நாலு போல்ட்டும் ஸ்பானர் தொடாமல் விரலாலேயே அடிவரை இறங்கியது.